மூன்றாவது போர்ட்

ஜமால்தீன் பட்டறையிலிருந்து எஞ்சின் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். பழைய சாரன் ஒன்றில் அதைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்து, தூறலுக்குத் தலையைக் குனிந்தபடி வந்தார். அறை ஜன்னல் திரையின் இடைவெளியில் அதைப் பார்த்த கைரியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த மனுசனுக்கு அவசரம் என்றால் அப்படி ஒரு அவசரம். சொந்தத் தம்பியின், அவள் புருசன் லாபிரின், மையத்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டு முழுசாக ஒரு மணித்தியாலம் ஆகவில்லை.

“சுதேஷ் தம்பி, இங்க வாங்க. இந்தாங்க ஒங்கட சாமான்.”

பந்தலுக்குள் பிளாஸ்டிக் கதிரைகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கிடையிலிருந்து சுதேஷ் எழுந்தான். கட்டுகஸ்தோட்டைப் பொடியன், கண்டியில் ஒரு காரியாலயத்தில் கிளார்க். அப்பா விட்டுப்போன பழைய ஜப்பான் காரை முடுக்கி ஓட்டுவதில் பைத்தியம். அந்தக் காரின் ஹெட் சூட்டில் வெடித்துவிட, மாற்று ஹெட் ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்து, அதைக் கடைந்து கொடுக்கச் சொல்லி மூன்று மாதத்துக்கு முன் லாபிரிடம் கொண்டுவந்து வைத்தவன்.

“இப்ப எதுக்கு நானா? அடக்கம் முடியட்டுமே,” என்றான். ஜமால்தீனும் லாபிரும் அவனுக்கு நானா, அண்ணன் முறை.

“இல்ல தம்பி, இது அமானத். அடுத்தவன்ட சாமான் ஊட்டுல ஈக்கக்குள்ள மையத்த எடுக்கப்படாது. அஸர் தொழுகைக்குப் பொறகு பள்ளியில நான் எழும்பி நிண்டு கேக்கப் போறேன், என்ட தம்பி யாருக்காவது குறை வெச்சிருந்தா பொறுத்துக்கோங்க எண்டு. அதுக்கு முந்தி ஒப்படைச்சிடோணும்.”

“நேத்துப் பின்னேரம்தான் லாபிர் நானா போன் பண்ணினாரு. வேல முடிஞ்சிருச்சு, நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போன்னாரு.” சுதேஷ் கையை நீட்டாமல் நின்றான். “இப்படி வந்து எடுப்பேன்னு நான் நெனைக்கவே இல்ல.”

கைரியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்துவிட்டது என்றா சொன்னார்?

அவளுக்குத் தெரிந்தது அங்கே வேறு யாருக்கும் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த ஹெட்டை அளந்தவள் அவள்.

எஞ்சினின் தலையில் உட்காரும் அலுமினியப் பாளம்தான் ஹெட். காற்று உள்ளே போகும் வழிகளுக்குப் போர்ட் என்று பெயர். தொழிற்சாலை அவற்றை ஏனோதானோவென்று வார்த்து அனுப்பும். லாபிர் கிரைண்டரால் அவற்றை அகட்டி, வளைவுகளைச் சீராக்கி, நாலு போர்ட்டும் ஒரே அளவாக வரும்வரை கடைவார். அகட்டுவது அவர் வேலை, அளப்பது கைரியாவின் வேலை. வால்வை மூடிப் போர்ட்டில் மண்ணெண்ணெயை ஊற்றி எத்தனை மில்லிலீட்டர் கொள்கிறது என்று பார்க்க வேண்டும். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வைத்திருப்பது போல ஒரு கண்ணாடிக் குழாயை அதற்காகவே அவர் வாங்கிக் கொடுத்திருந்தார். பதினொரு வருசமாக அந்தக் குழாய் அவள் கையில்தான். “என்ட கையும் அவட கண்ணும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். கைரியா உள்ளுக்குள் பூரித்துப்போய், வெளியில் முகத்தைச் சுளிப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் இரண்டு போர்ட்டும் சரியாக இருந்தன. மூன்றாவதில் ஊற்றிய எண்ணெய் நிற்கவில்லை. மெல்ல இறங்கியது. அவள் குனிந்து பார்த்தபோது தண்ணீர் ஓடும் துவாரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொரு சொட்டு.

“இஞ்சேருங்க, மூணாவது ஓட்டையாகிட்டு.”

“வால்வு சரியாக் குந்தல்ல. அதான்.”

“வால்வு இல்ல. தண்ணி வழியால வருது. நீங்களே பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. இத்தனை வருசமாகக் கொம்பனி ஹெட்களைக் கடைந்து பழகிய கை. அந்த இடத்தில் உலோகச் சதை இருக்கும் என்று கை நம்பியது. மாற்று ஹெட்டில் அந்தச் சதை இல்லை, வெறும் தோல்தான். அது அவருக்கும் அந்த நிமிசமே விளங்கியிருக்கும். விளங்கியதால்தான் அப்படிக் கத்தினார்.

“குழாயப் புடிச்சா மெக்கானிக் பாஸ் ஆகிடுவியா நீ? பொம்பளைக்கு என்னத்தியன் தெரியும் எஞ்சினப் பத்தி?”

பதினொரு வருசத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. கைரியா குழாயைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அதோடு பேச்சு நின்றது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் சோற்றை மேசையில் வைத்தாள், அவர் தின்றார். இடது கை மரத்துப்போகிறது என்று மகள் ஷஹ்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கிரைண்டர் பிடித்துப் பிடித்து மரத்திருக்கும் என்று நினைத்தாள். எப்போதும் தேங்காயெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிடுகிறவள், இந்தத் தடவை தேய்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை பட்டறையைக் கூட்டப் போனபோது மூன்றாவது போர்ட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். மற்ற மூன்றையும்விட வழுவழுப்பாக இருந்தது. மேசைக்கடியில் உலோகப் பசை டியூப் ஒன்று நசுங்கிக் கிடந்தது.

புதன்கிழமை, இன்று, விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூ எடுக்கக் குழாயடிக்குப் போன மனிதர் அங்கேயே சரிந்தார். கம்பளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது.

ஒட்டிய ஹெட்டைப் பற்றி அவரே சொன்னதுதான். எத்தனை பேரை அதைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். “பந்தயக் காருக்கு ஓடும். பொண்டாட்டி புள்ளையோட போற காருக்கு ஆகாது. சூட்டுல பசை விட்டுச்செண்டா எஞ்சின் தண்ணியக் குடிச்சிட்டு நிண்டுரும், பிரேக் கல்லாகிடும்.” கடுகண்ணாவை இறக்கத்தில் அப்படி ஒரு கார் நின்றால் என்ன ஆகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுதேஷின் மனைவி நிரஞ்சனி ஏழு மாதம்.

“ஷஹ்மா, பெரியவாப்பாவக் கூப்பிடு. சுருக்கா.”

ஜமால்தீன் அறைத் திரைக்கு வெளியே வந்து நின்றார். கண்கள் வீங்கியிருந்தன.

“மச்சான், அந்த ஹெட்டக் குடுக்க வேணாம். அதுல ஓட்டை ஈக்கி. ஒட்டி மறைச்சு வெச்சிருக்கு.”

“யார் மறைச்ச?”

கேட்டு முடிக்குமுன்பே அவருக்கு விளங்கியது.

“யா அல்லா! என்ன பேச்சு புள்ள இது? மையத்து நடு ஊட்டு ஹோல்ல கெடக்குது. மையத்துட குறையப் பேசப்படாது எண்டு தெரியாதா ஒங்களுக்கு?”

“குறை எண்டு தெரிஞ்சுதானே மச்சான் சொல்லுறேன். நீங்க பள்ளியில பொறுக்கச் சொல்லிக் கேப்பீங்க. அந்தப் பொடியனும் பொறுத்தேன் எண்டுவான். என்னத்தப் பொறுத்தான் எண்டே தெரியாம சொன்னா, அது அவருக்குப் போய்ச் சேருமா? கபுருல அவருக்கு நீங்களா பதில் சொல்லப் போறீங்க?”

பக்கத்தில் இருந்த ரபீகா அவள் தோளை அழுத்தினாள். ஜமால்தீனின் மனைவி, சட்டதிட்டங்களில் புருசனையும் மிஞ்சியவள். “மதினி, சும்மா இருங்க. துக்கத்துல மூளை கொழம்பிப் போய் ஈக்கி ஒங்களுக்கு.”

“எனக்கு ஒண்டும் கொழம்பல்ல. மூணாவது போர்ட்டுல எண்ணெய் ஊத்திப் பாக்கச் சொல்லுங்க.”

ஜமால்தீன் திரும்பிப் போனார். அவருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். சுதேஷையும் அழைத்துக்கொண்டு ஹெட்டைப் பட்டறைக்கே திருப்பிக் கொண்டுபோனார். பட்டறை ஜன்னலுக்கு நேர் எதிரில்தான். மண்ணெண்ணெய் ஊற்றும் சத்தம் கேட்டது. கைரியா எண்ணிக்கொண்டே நின்றாள். ஒரு நிமிசம். இரண்டு. ஐந்து.

“ஒழுகலையே அக்கா,” என்றான் சுதேஷ் அங்கிருந்தே. குரலில் வருத்தம்தான் இருந்தது. “ஒரு சொட்டுக்கூட இல்ல. நல்லாத்தான் இருக்கு.”

பந்தலில் பேச்சு அடங்கிப்போயிருந்தது. செத்துக் கிடக்கும் புருசன்மேல் பழி போடுகிறாளே என்று அவர்கள் நினைப்பது அவளுக்குத் தெரிந்தது. ஜமால்தீன் மறுபடியும் சாரனை எடுத்து ஹெட்டைச் சுற்றத் தொடங்கினார்.

ஒழுகாதுதான். அவர் ஒட்டியதல்லவா. குளிரில் ஒழுகாது.

கைரியா ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

“எங்க போறீங்க? இத்தாவுல ஈக்கிற பொம்பள! நாலு மாசம் பத்து நாள் அந்நிய ஆம்பிளட கண்ணுல படப்படாது, முத நாளே…” ரபீகா கையைப் பிடித்து இழுத்தாள். கைரியா உதறினாள். வெள்ளை முந்தானையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு, குசினிக் கதவால் இறங்கி, கொல்லையைச் சுற்றிப் பட்டறைக்குள் நுழைந்தாள். ஜமால்தீன் வாய் பிளந்து நின்றார். சுதேஷ் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. சாரனை விலக்கினாள். கருவிப் பலகையில் எது எங்கே இருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். நீள உளியையும் சின்னச் சுத்தியலையும் எடுத்தாள். மூன்றாவது போர்ட்டுக்குள் விரலை விட்டு அந்த வளைவைத் தடவிப் பார்த்தாள். என்ன வழுவழுப்பு! எத்தனை தாள் மாற்றித் தேய்த்தாரோ. இந்தக் கள்ளத்துக்குப் பட்ட பாட்டை அவர் எந்த நல்ல வேலைக்கும் பட்டதில்லை. அவளுக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் அதோடு சேர்ந்தே வந்தது.

“கைரியா, வேணாம்,” என்றார் ஜமால்தீன். “அவன் கடைசியா செஞ்ச வேல.”

அவள் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தட்டிலும் ஆகவில்லை. மூன்றாவது தட்டை ஓங்கிப் போட்டாள். உள்ளே ஏதோ விட்டது. விரல் நகத்தளவில் சாம்பல் நிறத் துண்டு ஒன்று உருண்டு அவள் உள்ளங்கைக்கு வந்தது. கண்ணாடிக் குழாயை எடுத்து மண்ணெண்ணெயை ஊற்றினாள். எண்ணெய் இறங்கியது. தண்ணீர் துவாரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகச் சீமெந்துத் தரையில் விழுந்தது.

ஜமால்தீன் அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். சுதேஷ் அந்தச் சொட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மனதில் என்ன ஓடியிருக்கும்? அந்த இறக்கம் ஓடியிருக்கும். நிரஞ்சனி ஓடியிருப்பாள்.

“தம்பி,” என்றாள் கைரியா, அவன் பக்கம் திரும்பாமலே. “இப்ப ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு சொல்லுங்க. பொறுப்பீங்களா, மாட்டீங்களா?”

மழை வலுத்தது. தகரக் கூரையில் இரைச்சல். சுதேஷ் குனிந்து தரையில் விழுந்த எண்ணெயைத் தொட்டுப் பார்த்தான். அவன் மாட்டேன் என்று சொன்னாலும் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்கு அவனுக்கு உரிமை இருந்தது.

“நேத்து நானா போன்ல பேசினாருல்ல,” என்றான் கடைசியில். “அப்பவே சொன்னாரு. ‘தம்பி, மூணாவது போர்ட்டுல என் கை தப்பிருச்சு. இத எடுத்துட்டுப் போகாத. வேற ஹெட் ஒண்ணு பாப்போம்’னு.”

ஜமால்தீன் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். இதே பொடியன் இதே முற்றத்தில் கொஞ்ச நேரத்துக்கு முன் ‘வேல முடிஞ்சிருச்சு’ என்று சொன்னது அவர் காதிலும் விழுந்ததுதான், கைரியாவின் காதிலும் விழுந்ததுதான்.

“இன்னொண்ணும் சொன்னாரு,” என்றான் சுதேஷ். நிலத்தைப் பார்த்தபடியே சொன்னான். “‘நான் பாக்கல. என் வீட்டுக்காரிதான் கண்டுபிடிச்சா’ன்னாரு.”

கைரியா உள்ளங்கையை மூடிக்கொண்டாள். லாபிர் ஒருநாளும் வீட்டுக்காரி என்று சொன்னதில்லை. எங்கட ஊட்டு ஆள் என்பார்.

“அப்படியா சொன்னார்?” என்று கேட்டாள்.

“ஆமாக்கா.”

“சரி தம்பி.”

பள்ளியிலிருந்து அஸர் பாங்கு கேட்டது. முற்றத்தில் ஆட்கள் எழும்பும் சத்தம். ஜமால்தீன் தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். சுதேஷின் முதுகில் கையை வைத்து ஒரு நிமிசம் நின்றார். பிறகு இருவரும் மழையில் இறங்கிப் போனார்கள்.

ஹோலில் பெண்களின் அழுகை எழுந்தது. மையத்துப் பெட்டியான சந்தூக்கைத் தூக்குகிறார்கள். கைரியா பட்டறை ஜன்னல் சட்டத்தைப் பிடித்தபடி பார்த்தாள். சந்தூக் படியிறங்கும்போது பின்கால் பக்கம் ஆள் மாறியது. சுதேஷ் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத் தோள் கொடுத்தான். கலிமாச் சத்தம் கம்பளை ரோட்டுப் பக்கமாகத் திரும்பி, ஒரு பஸ்ஸின் ஹோர்னுக்குள் மறைந்து, மறுபடி கேட்டு, பிறகு கேட்கவில்லை.

“உம்மா, உள்ள வாங்க,” என்று ஷஹ்மா குசினிக் கதவில் நின்று கூப்பிட்டாள்.

“வாறேன்.”

ஹெட் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கைரியா பழைய பால்மா டின் ஒன்றைத் தேடி எடுத்துத் துவாரத்துக்கு நேராக வைத்தாள். முதல் சொட்டு டின்னின் அடியில் விழுந்து கணீரென்றது. அவள் கண்ணாடிக் குழாயைத் துணியால் துடைத்து, அவர் கிரைண்டருக்குப் பக்கத்தில், எப்போதும் வைக்கும் இடத்தில் வைத்தாள்.