வேகன் நின்ற இடம்

பாடை தண்டவாளத்தை அடைந்தபோது சரக்கு வண்டி குறுக்கே நின்றிருந்தது. பெட்டியெல்லாம் நிலக்கரி. மேளம் ஓய்ந்தது.

பெண்களும் நின்றார்கள். அவர்கள் லைன் வரைதான் வருவார்கள். இடுகாடு அந்தப் பக்கம்.

"சிக்னல் வுழல. அரை மணி ஆவும்," என்றான் வல்லரசு. இறந்தவரின் மகள் செங்கொடிக்கு அவன் சித்தப்பா மகன். பாடையின் முன்பக்கம் அவன் தோளில் இருந்தது.

இறக்கி வைக்க முடியாது. லைன் ஓரம் பாடையை இறக்கினால் லைன் இன்னொரு ஆளைக் கேட்கும் என்பார்கள். அந்தத் தெருவில் ஏற்கெனவே பதினோரு பேரைக் கேட்டிருந்தது.

முதலில் தெருவே இல்லை. துறைமுகத்துக்கான இரும்புத்தாதை இங்கே இறக்கினார்கள். இறக்க வந்தவர்கள் வண்டியின் நீளத்துக்குக் குடிசை போட்டார்கள். கடைசி வேகன் நின்ற இடத்தில் தெரு முடிந்தது. தாது போய் நிலக்கரி வந்தது. குழாயும் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கமே வந்தன.

"இன்னா வெயிட்டுப்பா கிருஷ்ணப்பன்! சாவுற வரைக்கும் பாயா துண்ணாரு," என்றார் பின்னால் தூக்கியிருந்த ஜஹாங்கீர். இறந்தவருடன் தாது இறக்கியவர்.

சித்தப்பா வானத்தைப் பார்த்தார். "ஆறு மணிக்கு குழிக்காரன் பூடுவான். வேகன் அடில வுட்டு இஸ்துக்கலாம்."

"வாணாம் சித்தப்பா," என்றாள் செங்கொடி.

"நீ சும்மா இரு. உங்க நைனா டெய்லி பூந்து போனவன்தானே?"

"அத்தான் சொல்றேன். நாப்பது வருசம் குனிஞ்சே போனாரு. இன்னிக்காவது தோள்ல போவட்டும்."

ஜஹாங்கீரின் பக்கம் பாடை சாய்ந்தது. மற்றவர்கள் ஏற்கெனவே இரண்டு முறை தோள் மாற்றிக் களைத்திருந்தார்கள்.

செங்கொடி முந்தானையைச் செருகிக்கொண்டு போனாள்.

"நவுரு பாய்."

மூங்கில் கழுத்தில் பதிந்தது. நைனாவின் தலை அவள் காதருகே இருந்தது. சாமந்தியை மீறித் தேங்காய் எண்ணெய் வாசம். காலையில் அவள்தான் தடவிவிட்டிருந்தாள்.

சித்தப்பா வாயைத் திறந்தார். தொலைவில் என்ஜின் இழுத்தது. இணைப்புகள் ஒவ்வொன்றாக அதிர்ந்து அவர்களைத் தாண்டிப் போயின. வண்டி நகர்ந்தது.

"எதிர் லைன்ல வேற வருது! தாண்டு, தாண்டு!" என்றான் வல்லரசு.

தாண்டினார்கள்.

அந்தப் பக்கம் போன பிறகும் யாரும் அவளிடம் தோள் மாற்றக் கேட்கவில்லை. சித்தப்பா முன்னால் நடந்தார். பாதையில் கிடந்த கருவேல முள்ளைச் செருப்புக் காலால் ஓரமாகத் தள்ளினார்.