தலையணை பிடித்த இடம்

"நடுவுலவன் பேசறேன். வயசு இருபத்திமூணு. இப்ப பார்சல் கிடங்குல, எடைமேடைக்குப் பின்னாடி நிக்கறேன். சாப்பாட்டு நேரம்."

செல்போனை வாயருகே பிடித்துக்கொண்டு அவன் எப்போதும் இப்படித்தான் தொடங்குவான். அட்டைப்பெட்டிகளின் விளிம்பு கீறிக் கீறி விரல்நுனியெல்லாம் வெடித்துக் கிடந்தது. தொடுதிரை அவன் விரலை மதிப்பதே இல்லை. பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். ஊரில் வீட்டில் இருப்பது ஒரே போன். அது யார் கையில் இருக்கிறதோ அவர்கள் படித்து மற்றவர்களுக்குச் சொல்வார்கள். "போலீஸ் ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுக்கற மாதிரி வயசெல்லாம் எதுக்குடா? பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று அக்கா கேலி செய்வாள். ஆனாலும், தான் எங்கே நிற்கிறோம் என்று சொல்லிவிட்டால்தான் அவனுக்கு மேற்கொண்டு பேச்சு வரும்.

அன்று அதற்குமேல் வரவில்லை. தம்பி ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அதே கிடங்கில் வேலை உறுதி. படுக்கத்தான் இடம் உறுதியில்லை. இவன் தங்கியிருக்கும் அறையில் இடமில்லை என்றால் கம்பெனிக் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். அது ஊருக்கு வெளியே, முகம் தெரியாத ஒரு கும்பலோடு. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. தூக்கத்தில் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தால், பக்கத்தில் படுத்திருப்பவன் எழுந்து அவனை உட்காரவைத்து, மருந்தை உறிஞ்சக் கொடுக்க வேண்டும். வீட்டில் இருந்தவரை அந்தப் பக்கத்தில் படுத்திருந்தவன் இவன்தான். "என் பக்கத்துலதாம்மா படுத்துப்பான்" என்று சொல்லித்தான் அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தான்.

கிடங்கில் அவனுக்குப் பெட்டிகளை அளக்கும் வேலை. நீளம், அகலம், உயரம், கடைசியில் எடை. திருகாணி நிறைத்த பெட்டி கையகலம்தான் இருக்கும். தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். தெர்மோகோல் அடைத்த பெட்டி ஆளுயரம் இருக்கும். ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். கனமில்லாத பொருளென்றால் அது அடைக்கும் இடத்தையே எடையாக மாற்றிக் கணக்குப் போடுவார்கள். சேர்ந்த புதிதில் இது பெரிய அநியாயமாகப் பட்டது. பஞ்சு எப்படி இரும்பாகும்? பிறகு ஒருநாள், வண்டி முழுக்கப் பொம்மைகளை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். டயர் கொஞ்சம்கூட அமுங்கவில்லை. ஆனால் ஒரே ஒரு மோட்டார் பெட்டி, ஏற வழியில்லாமல் வாசலிலேயே கிடந்தது. அன்றைக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது.

அறையையும் அவன் அளந்து வைத்திருந்தான். மூன்று கட்டில்கள். இவனுக்கு ஒன்று, வெல்டருக்கு ஒன்று, சமையல்காரருக்கு ஒன்று. இவன் கட்டிலை ஒட்டிய மூலையில் ஒரு மடக்குக் கட்டில் அளவெடுத்த மாதிரி விழும். விழவேண்டிய இடத்தில் சமையல்காரரின் தகரப்பெட்டி கிடந்தது. "அதைத் தொடாதடா, செம கனம். இடுப்பு போயிரும்" என்று இவன் குடிவந்த அன்றே அவர் சொல்லியிருந்தார். அண்டா, கரண்டி, கத்தி என்று அவர் தொழில் சாமான்களாக இருக்கும் என்று இவர்களாக நினைத்துக்கொண்டார்கள். அறையில் ராத்திரிச் சாப்பாடு அவர் கையால்தான் என்பதால், துருவிக் கேட்க வெல்டரின் வயிறு இடம்கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், இவன் சாப்பாட்டு நேரத்தில் அறைக்கு வந்திருந்தான். சமையல்காரர் வேலைக்குப் போயிருந்தார். பெட்டியைச் சமையல்கட்டு ஓரமாக நகர்த்திப் பார்த்துவிடுவது என்று இவன் துணிந்தான்.

"வேணாம்டா. வந்தார்னா உன்னைப் பொடிசா நறுக்கிருவாரு" என்றான் வெல்டர், கட்டிலைவிட்டு எழுந்திருக்காமல்.

கிடங்கில் பழகியபடியே இடுப்பு வாரை இறுக்கி, முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தூக்காகத் தூக்கினான். கைக்கு வந்துசேரும் என்று நம்பியிருந்த கனம் வரவே இல்லை. வெறும் தகரத்தின் எடைதான். பெட்டியோடு மல்லாக்க விழுந்தான். மூடி திறந்து அவன் மார்மேல் ஒரு தலையணை விழுந்தது. வேறொன்றும் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த வெல்டர், வாசலைப் பார்த்ததும் கப்சிப்பென்று அடங்கினான். மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுக்கச் சமையல்காரர் திரும்பி வந்திருந்தார்.

"கனம்னு சொன்னீங்களேண்ணே..."

அவர் குனிந்து தலையணையை எடுத்துத் தூசி தட்டினார். "நாலு வருஷமா நானே தூக்கிப் பாக்கலடா. எவ்வளவு கனம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்த மூலையில் அவருடைய மகன் படுத்திருந்தானாம். அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஏதோ வாய்ச்சண்டை. தோள்பையை மட்டும் மாட்டிக்கொண்டு போனவன் வேறெங்கோ வேலையில் இருக்கிறான், போனை எடுப்பதில்லை. "பெட்டியை எடுத்தா அன்னிக்கே எவனாச்சும் கட்டிலைப் போட்டுருவான். அப்புறம் இவன் வந்து நின்னா எங்க படுப்பான்?"

"பஸ் சீட்டுல துண்டு போட்ட மாதிரி" என்றான் வெல்டர், குரலைத் தாழ்த்தி.

"ஆமாடா. துண்டுதான்."

இவன் தம்பியின் மூச்சிழுப்பைச் சொன்னான். அந்த விசில் சத்தத்தை வாயாலேயே செய்தும் காட்டினான். அவர் கடைசிவரை கேட்டார். தலையணையை உள்ளே வைத்து மூடி, பெட்டியை அதே மூலையில் தள்ளிவிட்டு வேலைக்குப் போனார். கண்ணாடி மேஜைமேலேயே இருந்தது.

சனிக்கிழமை வேலை முடிந்து அவன் வந்தபோது மூலை காலியாக இருந்தது. பெட்டி கிடந்த இடத்தில் மட்டும் தரை புதிதாக, வேறு நிறத்தில் மினுமினுத்தது. பெட்டி சமையல்கட்டு ஓரத்தில் இருந்தது. தரையை அடைத்துக்கொண்டிருந்த பாத்திரங்களெல்லாம் அதற்குள் போயிருந்தன. இப்போது நிஜமாகவே கனம். சமையல்காரர் ஜன்னலில் தலையணையை வெயில் படும்படி சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அது கொஞ்சம் உப்பிக்கொண்டது.

"என் பையன் வந்தா உன் தம்பி எழுந்துக்கணும்" என்றார், திரும்பாமல்.

"வந்தா நான் எழுந்துக்கறேண்ணே."

"நீ எழுந்து போயிட்டா? அவனுக்கு ராத்திரி விசிலடிச்சா?"

அவர் தலையணையைத் திருப்பிப்போட்டு மறுபக்கத்தைத் தட்ட ஆரம்பித்தார். இவன் போனை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டான்.

"நடுவுலவன் பேசறேன். வயசு உங்களுக்கே தெரியும். இப்ப ரூம்ல, ஜன்னல் பக்கத்துல நிக்கறேன். தம்பி தலையணை எடுத்துட்டு வர வேணாம், இங்க ஒண்ணு இருக்கு. பையில அந்த இடத்துல அவன் மருந்து இன்னும் ரெண்டு வெச்சு அனுப்புங்க. இதை யாரு படிக்கறீங்களோ, அம்மா காதுல விழற மாதிரி கொஞ்சம் சத்தமாப் படிங்க."