முதலில் இறங்கி வந்தவர்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் சித்தி மகள் சித்ராதேவியிடம் கேட்டு வாங்கியது. கேட்டு வாங்கியது என்பதும் மரியாதைக்குச் சொல்வதுதான். விடுப்பில் சாமளாபுரம் வந்திருந்தவளை மூன்று நாள் நச்சரித்துப் பிடுங்கினேன்.

அவளுக்கு வெளிநாட்டில் சமரச வேலை. துப்பாக்கி வைத்திருக்கும் இரண்டு கூட்டங்களைப் பேச வைப்பது. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். [முதல் பிரதியில் சொல்லியிருந்தேன்.]

2

தொடக்கம் ஒன்று: 'அந்தப் பாலைவனத்தின் மேல் சூரியன் ரத்தமாக' – வேண்டாம். அங்கே பாலைவனமே இல்லையாம். நான் பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். மீதி நேரத்தில் எழுத்தாளன். எனக்குத் தெரிந்த பாலைவனம் சினிமாவில் பார்த்ததுதான்.

தொடக்கம் இரண்டு: சித்ராதேவி இந்த வேலையைக் கற்றது திருப்பூரில், ஒரு கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் மேசையில். அங்கே தொழிலாளர் நல அதிகாரியாக இருந்தபோது, சண்டை போட்டவர்களை அவள் எதிரெதிரே உட்கார வைத்ததே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஆளுக்கொரு கத்தரி கொடுத்து, துணியில் நூல் பிசிறு வெட்டச் சொல்வாள். கண் தையலில் இருந்தால் வாய் மெதுவாகத் திறக்கும் என்பது அவள் அனுபவம்.*

* அந்த நாட்டில் கத்தரி கொடுக்க முடியாது. உரிப்பதற்கு நிலக்கடலை கொடுத்தாள்.

3

நடந்தது இதுதான். ஒரு சாலை, அதன் கடைசியில் ஒரு மருத்துவமனை. இரண்டு தரப்பும் ஏழு மாதமாகச் சாலையை மறித்து நின்றன. பிரசவ வலியோடு கிளம்பிய பெண்கள் வழியிலேயே செத்தார்கள். நீ முதலில் விலகு, நீ முதலில் விலகு என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை.

பேச்சு தொடங்கிய ஆறாம் நாள், ஒரு தரப்பின் தளபதி சித்ராதேவியிடம் தனியாக வாயைத் திறந்தார். அதற்கு நான் எட்டு வரி வசனம் எழுதியிருந்தேன். 'தாய்மாரின் கண்ணீர்' என்றெல்லாம் வரும். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"கடலைய உரிச்சுட்டே, 'மொதல்ல நானே வெலகிக்கறேன், வெளிய மட்டும் தெரியக்கூடாது'ன்னாருங்கண்ணா. எதிர்ப்பக்கம் போய்ச் சொன்னன். அவிகளும் வாயத் தொறக்கறதில்லைன்னு ஒத்துக்கிட்டாங்க."

ஒருவர் இறங்கி வந்தார். எதிர்த்தரப்பு, ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்ளும் பெருமையை விட்டுக்கொடுத்தது. சாலை திறந்தது. எதிரிதான் முதலில் பணிந்தான் என்று தளபதி சொன்னதை அவருடைய ஆட்கள் இன்றுவரை நம்புகிறார்கள். உண்மை தெரிந்தால் அவரை உயிரோடு விட மாட்டார்கள். சாலையும் மூடிக்கொள்ளும்.

அவர் ஏன் இறங்கினார்? நான் கதையில் அவருக்கு ஒரு கர்ப்பிணி மகளை உண்டாக்கி வைத்தேன்.

"காரணம் அவரு சொல்லலீங்க. நானுங் கேக்கல" என்றாள் சித்ராதேவி. மகளைப் பிரதியிலிருந்து அடித்துவிட்டேன்.

4

இங்கேதான் நான் செய்த காரியம் வருகிறது.

[இந்த இடத்தில் தளபதியின் உடலில் இருக்கும் ஓர் அடையாளத்தைப் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம்.]

தளபதியின் பெயரை மாற்றிவிட்டோமே என்ற தைரியத்தில், அவளிடம் காட்டாமல் ஓர் இணைய இதழுக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை கதை வெளிவந்தது. ஞாயிறு காலையில் அவள் பேருந்து பிடித்து என் வீட்டுக்கு வந்துவிட்டாள். உட்காரவில்லை.

"ஏனுங்கண்ணா, பேர மாத்துனாப் போதுமுங்களா? அந்த அடையாளத்தோட அங்க ஒருத்தருதான் இருக்காரு."

"தமிழ்ல எழுதுனத அங்க யாரு படிக்கப்போறாங்க, கண்ணு?"

"அந்த நாட்டு ஏவாரிக திருப்பூர் காதர்பேட்டைக்குப் பனியன் சரக்கெடுக்க வந்துட்டுத்தான இருக்காங்க. அவிகளுக்குத் தமிழாளுக வேலை செய்யறாங்க. ஒருத்தரு வெளையாட்டுக்குச் சொன்னாப் போதுமுங்க." பிறகு, "தப்பு எம்மேலயுந்தான். ஒங்ககிட்டச் சொல்லியிருக்கவே கூடாது" என்றாள்.

அவள் அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அழவில்லை. உண்மையைச் சொல்கிறேன்: அந்த நிமிடம் எனக்கு முதலில் வந்தது, அப்படியொரு வாக்கியம் போகிறதே என்ற வருத்தம். தளபதியின் உயிர் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

கதையை எடுக்கச் சொன்னேன், எடுத்தார்கள். அதற்குள் நாற்பத்தொரு பேர் படித்திருந்தார்கள்.

5

முடிவு அ: தளபதி நலமாக இருக்கிறார். ஒரு நாள் அந்த மருத்துவமனை வாசலில் –

முடிவு ஆ: எழுத மாட்டேன்.

எனக்குத் தெரிந்தது இது. சித்ராதேவி திரும்பிப் போய் ஐந்து வாரம் ஆகிறது. தளபதி அவள் அழைப்பை எடுக்கவில்லை. "டவர் கெடைக்காம இருக்குங்க. அங்க அப்படித்தான்" என்கிறாள். அந்த 'ங்க'வில் இருக்கும் மரியாதை என்னைச் சுடுகிறது. சாலை இன்னும் திறந்திருக்கிறதாம்.

படித்தவர்களில் மூன்று பேர் என் நண்பர்கள். அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துவிட்டார்கள். மற்ற முப்பத்தெட்டுப் பேர் யாரென்று தெரியாது. அவர்களைத் தேட எனக்கு வேறு வழி இல்லாததால்தான் கதையைத் திரும்ப எழுதுகிறேன். சித்ராதேவி இதைப் படித்து, ஏழு வரிகளை அடித்துவிட்டு அனுமதித்தாள்.

நீங்கள் அவர்களில் ஒருவராக இருந்தால், முடிவு உங்களிடம் இருக்கிறது. அந்த வாக்கியமும் நினைவிருக்கும். நினைவில் நிற்க வேண்டும் என்றுதான் அதை ஒன்பது முறை திருத்தினேன். தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். யாராவது கேட்டால், மட்டமான கதை, மனதில் ஒன்றுமே நிற்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.