பதினோரு வருடத்துப் பூட்ஸ்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இந்தக் கதை என் சொந்தச் சரக்கு அல்ல. பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மா தன் கணவரைப் பற்றி என்னிடம் புலம்பினார். கணவர் முன்னாள் சிப்பாய், இந்நாள் வரலாற்று வாத்தியார்.

முதல் வரி: ‘பனி கொட்டும் அணிவகுப்பு மைதானத்தில்—’ அடித்துவிட்டேன். அன்று மண்டையைப் பிளக்கும் வெயிலாம்.

2

இருபது வயதுச் சிப்பாய் விறைப்பாக நின்றிருந்தார். பார்வையிட வந்த ஜனாதிபதி அவர் முன்னால் நின்று குனிந்தார்.

“என்னப்பா, பூட்ஸ் கடிக்குதா?”

உயிர் போகிற மாதிரி கடித்தது. “இல்லைங்க ஐயா!” என்று முழங்கினார்.

நாட்டை ஆள்பவர் தன் குதிகாலை விசாரித்துவிட்டாரே! அன்று பக்தியில் விழுந்தவர்தான், எழவே இல்லை. ஜனாதிபதியின் உரைகள், பயணத் தேதிகள், மூக்குக்கண்ணாடியின் பவர் வரை தலைகீழ்ப் பாடம். (கட்டியவளுக்குப் பிறந்தநாள் எப்போது என்று கேளுங்கள், திருதிருவென்று விழிப்பார்.) பாடநூல் குழுவில் மல்லுக்கட்டி ஒரு வரியையும் நுழைத்துவிட்டார்: ‘வீரர்களின் குறைகளை நேரில் கேட்டறிந்த தலைவர்.’

3

போன மாதம், மறைந்த ஜனாதிபதியின் நாட்குறிப்பு அச்சில் வந்தது. அதில் இப்படி இருந்தது: ‘இன்று ஒரு சிப்பாயை நானே கேட்டேன். பூட்ஸ் கடிக்கவில்லையாம். வந்திருந்த புகார்களைத் தள்ளிவிட்டு, அதே பூட்ஸை இன்னும் பதினோரு வருடத்துக்கு வாங்கக் கையெழுத்திட்டேன்.’

பதினோரு வருடம் ஒரு படையே நொண்டியிருக்கிறது.

[வாத்தியார் அழுததாக எழுதப்போனேன். அம்மா மறுத்தார். “அழல. எழுந்து நின்னு சல்யூட் அடிச்சாரு. அப்புறம் மூணு நாள் சாப்பிடல.”]

4

நாளைக்கு வாத்தியார் அந்த வரி உள்ள பாடத்தை நடத்த வேண்டும். நேற்று ராத்திரி அம்மா அவரிடம் சொல்லிப் பார்த்தாராம்:

“பசங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுங்களேன், மனசு லேசாகும்.”

“சொன்னா ஜனாதிபதியைப் பார்த்துச் சிரிப்பாங்க.”

“உங்களைப் பார்த்துத்தானே சிரிப்பாங்க?”

“என்னைப் பார்த்துச் சிரிச்சா பரவாயில்லையே.”

இந்த இடத்தில் நான் கைக்குட்டையைத் தேடி எடுத்தேன். பல்வலிதான் என்று டாக்டரிடம் சொன்னேன்.

5

முடிவு அ: எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். வகுப்பு உருண்டு புரண்டு சிரிக்கிறது.

முடிவு ஆ: சொல்லவில்லை. எல்லோருக்கும் முழு மதிப்பெண்.

முடிவு இ: ஜனாதிபதியின் ஆவி வகுப்புக்குள்— (சீ, போதும்.)

முதல் இரண்டையும் எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. என்னால் முடிந்தது இவ்வளவுதான்: வாத்தியார் அந்த வரியை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுகிறார். “எல்லாருக்கும் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்!” நாற்பது குரல்கள்.

மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கிறது. கடைசி பெஞ்சில் உங்களுக்கு இடம் போட்டிருக்கிறேன். கையைத் தூக்குவதானால் இப்போதே தூக்குங்கள், அவர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.