இரண்டாம் தரம்

பதினெட்டு வருடமாக வீட்டு வயரிங் பார்த்துவந்த எலெக்ட்ரீஷியனுக்குப் நிறுவனத்திலிருந்து புதிதாக வந்த அடையாள அட்டை கழுத்தை அறுத்தது. புகைப்படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'மின்பணியாளர், இரண்டாம் தரம்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

விதிப்படி அதில் தப்பில்லை. கம்பத்திலும் டிரான்ஸ்பார்மரிலும் கை வைப்பவர்கள் முதல் தரம். வீடு, கடை பார்ப்பவர்கள் இரண்டாம் தரம். உசத்தி, மட்டம் என்ற பேச்சே கிடையாது, வேலை வேறு, அவ்வளவுதான்.

பழுது பார்க்கப் போன இடத்தில் மூன்றாம் மாடி அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டி அட்டையைப் படித்தார்.

"ஏம்ப்பா, முதல் தரத்துல ஆள் யாரும் இல்லையா?"

அவர் விளக்கினார். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, காய்கறிக்காரனும் இதையேதான் சொல்கிறான் என்று கதவைச் சாத்தினார். அந்த வாரத்தில் அது நாலாவது கதவு.

அலுவலகத்துக்குப் போனார். மேலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டி, இங்கே தரம் என்றால் வகை என்றுதான் பொருள், குணம் இல்லை என்று அவருக்கே பாடம் எடுத்தார்.

"அது எனக்குத் தெரியும் சார். கதவைத் திறக்கிறவங்களுக்குத் தெரியணுமே."

மேலிடத்துக்கு எழுதி, ஒன்றரை மாதம் இழுத்து, புது அட்டை வந்தது: 'மின்பணியாளர், இரண்டாம் நிலை.'

மனைவியிடம் காட்டினார். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் வேலை பார்ப்பவள், படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். என்னவென்று துருவினார்.

"ஒண்ணுமில்ல. எங்க ஆஸ்பத்திரியில சீட்டுல இப்படி எழுதினா, நோய் இன்னும் முத்தல, காப்பாத்திடலாம்னு அர்த்தம்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்றாகிவிட்டது அவளுக்கு.

மறுநாள் அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அடிக்கடி ட்ரிப் ஆன ஒரு வீட்டு மெயினை அரை மணியில் சரிசெய்தார். வீட்டுக்காரர் மகிழ்ந்துபோய் நிறுவனத்துக்குப் போன் போட்டுப் பாராட்டினார். வந்தது யார் என்று அவர்கள் கேட்க, அட்டை எதுவும் மாட்டியிருக்கவில்லையே என்று வெள்ளந்தியாகச் சொல்லிவைத்தார். மாலையே விளக்கம் கேட்டு நோட்டீஸ்.

மேலாளர் எதிரில் உட்கார்ந்து விளக்கம் எழுதினார். ஒரு சொல்லுக்கு இத்தனை ரோஷமா என்று அலுத்துக்கொண்டார் மேலாளர்.

"உங்க கதவுல 'மேலாளர், இரண்டாம் தரம்'னு பலகை மாட்டினா உள்ள வருவீங்களா சார்?"

மேலாளர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அட்டை கழுத்தில் வெளியே தெரியும்படி தொங்கவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் காலை அதை மாட்டிக்கொண்டு ஒரு வீட்டின் அழைப்பு மணியை அழுத்தினார். உள்ளே செருப்புச் சத்தம் நெருங்கியது. சொல்லவேண்டியதை முதலிலிருந்து மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பாதி ஓட்டுவதற்குள் கதவு திறந்தது.