மஞ்சள் கோடு

பந்தய லாரிக்கு ஓடுவது பெரிதில்லை, நிற்பதுதான் பெரிது. ஐந்தரை டன் இரும்பு முழு வேகத்தில் வளைவுக்கு வரும்போது பிரேக் தட்டுகள் பழுக்கக் காய்ந்துவிடும். அவற்றின் மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே போனால்தான் லாரி சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்கென்று பின்னால் இருநூறு லிட்டர் தொட்டி ஒன்று உண்டு. அதை நிரப்புகிறவரைத்தான் அணியில் எல்லோரும் தண்ணிக்காரர் என்று கூப்பிட்டார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தறியாத மனிதருக்கு வாய்த்த பேரைப் பாருங்கள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வேலையை முடித்தவர் அந்த இடத்தில் தன் நிறப் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும். டயர்க்காரருக்குச் சிவப்பு, இன்ஜின்காரருக்கு நீலம், இவருக்கு மஞ்சள். சந்தேகம் இருந்தால் இன்னொருவர் திறந்து பார்த்துக்கொள்ளலாம். மஞ்சள் கோட்டை மட்டும் பதினெட்டு வருஷமாக ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. அவருக்குச் சொத்து என்று இருந்தது அது ஒன்றுதான்.

லாரியை ஓட்டியவர் அந்நியர் இல்லை, தண்ணிக்காரருடைய மனைவியின் அண்ணன். வேலைவெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த மச்சானைக் கையைப் பிடித்துப் பட்டறைக்கு அழைத்து வந்ததே தண்ணிக்காரர்தான். வந்தவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார், பேர் எடுத்தார். அழைத்து வந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது.

அந்தப் பந்தய வாரத்தில் செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவர் லாரிக்கு அடியிலேயே கிடந்தார். தண்ணீர் பீய்ச்சும் துளைகளை ஊசி விட்டு ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தம் செய்தார். வெள்ளிக்கிழமை ஒத்திகை ஓட்டத்தில் மச்சான் அரை விநாடியில் முதலிடத்தைத் தவறவிட்டார். இறங்கி நேராக இவரிடம் வந்தார்.

"மாப்ளே, ஞாயித்துக்கெழம அறுபது லிட்டர் குறைச்சிக்கோ. வண்டி லேசா இருந்தா வளைவுல பறந்துடுவேன்."

"பறக்கலாம் மச்சான். எறங்கறதுக்குத்தான் தண்ணி வேணும்."

பக்கத்தில் இருந்த டயர்க்காரர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மச்சானின் முகம் சுண்டிப்போயிற்று.

"கேட்டுக்குங்கய்யா. தண்ணி ஊத்துற ஆளு எனக்கு ஓட்டக் கத்துத் தர்றாரு."

"குறைச்சு ஊத்தினா நான் கோடு போட மாட்டேன் மச்சான். அவ்வளவுதான்."

மேனேஜர் நடுவே வந்து, "முழுசாவே ஊத்துங்க, பேச்சு வேணாம்" என்று முடித்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தொட்டியை விளிம்பு வரை நிரப்பினார். அடியில் தண்ணீரை வடிக்கும் குழாய் தானாகத் திறந்துவிடாமல் மெல்லிய கம்பியால் கட்டினார். அவர் இடக்கைக்காரர், அவர் முறுக்கினால் முறுக்கு இடதுபுறமாகவே போகும். மூடியின் மேல் மஞ்சள் கோட்டை இழுத்துவிட்டு எழுந்தார்.

லாரிகள் புறப்படும் கோட்டில் வரிசையாக நின்றன. மச்சான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"மாப்ளே, கையுறைய அறையில விட்டுட்டேன். ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடேன்."

ஓடினார். பைகளைக் கவிழ்த்துத் தேடியும் கிடைக்கவில்லை. வெறுங்கையோடு இரைக்க இரைக்கத் திரும்பி வந்தால், மச்சான் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சீட்டுக்கு அடியிலேயே கெடந்துச்சு மாப்ளே. உன்ன வேற ஓட விட்டுட்டேன்."

லாரிக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது. வேறொருவராக இருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். ஆனால் புறப்படுமுன் ஓட்டுநர்கள் ஒருமுறை தண்ணீரைப் பீய்ச்சிப் பார்ப்பது வழக்கம். வரிசையில் நின்ற எல்லா லாரிகளுமே ஈரத்தில்தான் நின்றன. துளைகள் நன்றாக வேலை செய்கின்றன என்று அந்த ஈரத்தைப் பார்த்து அவர் மனம் குளிர்ந்தது. தண்ணிக்காரர் ஒருவர்தான் செய்யக்கூடிய தவறு அது.

ஏழு சுற்று வரை மச்சான்தான் முன்னால். எட்டாவது சுற்றில் சக்கரங்களைச் சுற்றி எழும் வெள்ளை ஆவி நின்றுபோனதைத் தண்ணிக்காரர் ஒருவர்தான் கவனித்தார். அடுத்த வளைவுக்குள் கரும்புகை கிளம்பியது. லாரி வளைவை மதிக்காமல் நேராகப் போய் டயர்ச் சுவரில் மோதியது. மச்சானுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நொறுங்கிய லாரியை இழுத்து வந்து போட்டதும் அவர் அடியில் நுழைந்தார். தொட்டி காய்ந்து கிடந்தது. குழாய் மூடித்தான் இருந்தது, கம்பியும் இருந்தது. முறுக்கு வலதுபுறமாகப் போயிருந்தது. முறுக்குக் குலையாமல் மறுபக்கத்தை வெட்டி, கம்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கையுறையைத் தேடி ஓடியது அப்போதுதான் அவர் நெஞ்சில் சுருக்கென்றது.

திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மச்சான் கையைக் கட்டுத் துணியில் கழுத்தோடு தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள மேல நான் தப்பு சொல்லல சார். வாரம் பூரா உழைச்சாரு. பாவம், அசந்திருப்பாரு."

தண்ணிக்காரர் கம்பியை மேசைமேல் வைத்தார். "இது என் முறுக்கு இல்ல சார். என்னது எடதுபக்கம் போகும்."

மேனேஜர் ஒரு காலத்தில் மெக்கானிக்காக இருந்தவர். கம்பியை எடுத்தார், பார்த்தார். மச்சானைப் பார்த்தார். மச்சான் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மேனேஜர் பேசத் தொடங்கினார். பேசிக்கொண்டே விரல்களால் அந்த முறுக்கை மெதுவாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் விளம்பரக்காரங்க லாரி பூரா உங்க மச்சான் படத்தைத்தான் ஒட்டப் போறாங்க. உங்க படத்தையா ஒட்டப் போறாங்க? குடும்பத்துக்குள்ள எதுக்கு வம்பு. இனிமே டயர்க்காரர் தண்ணி ஊத்தட்டும். நீங்க சாமான் அறையைப் பாத்துக்குங்க."

சொல்லி முடிக்கும்போது கம்பி ஊசிபோல நேராகிவிட்டிருந்தது. அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"அந்த மஞ்சள் பேனாவைக் குடுத்துட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்தபோது மனைவி போனில் பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் அழுவுறாருங்க. உங்கள மன்னிச்சுட்டாராம்."

"எதுக்காம்?"

"தண்ணி குறைஞ்சதுக்குத்தான்."

"நான் நெறைச்சேன். உங்கண்ணன்தான் தொறந்து விட்டாரு."

"தான் உக்காந்து ஓட்டுற வண்டிக்கேவா?" அவள் கோபப்படவில்லை, இரக்கமாகவே பார்த்தாள். "விடுங்க. வயசாகுதுல்ல. கை மறக்குறதுதான்."

குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. குடத்தை எடுத்துப் போய்ப் பிடித்துப் பிடித்துச் சமையலறை டிரம்மில் ஊற்றினார். விளிம்பு தொட்டதும் மூடியைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நெறைஞ்சிடுச்சாங்க?"

"நெறைஞ்சிடுச்சு."

அவள் அடுப்பை விட்டு வந்தாள். மூடியைத் தூக்கி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.