தாடையோரத்துக் கோடு

என் இடது கன்னத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. நாலு வயதில் கொதிக்கிற வடிகஞ்சி கொட்டியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாவும் அப்படித்தான், எதையும் முதலிலேயே சொல்லிவிடுவார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். குற்றாலலிங்கம் வாத்தியார் ஒரு பொய்கூடச் சொல்லாமல் மகளுக்கு மாப்பிள்ளை தேடினார். பெண் பார்க்க அனுப்புகிற போட்டோவை எடுத்த ஸ்டுடியோக்காரர் "தழும்பை லேசா டச்சப் பண்ணிருதேன் சார், தெரியவே தெரியாது" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். "உள்ளது உள்ளபடி இருக்கட்டும்" என்று அப்பா தடுத்துவிட்டார். அந்தப் போட்டோ ஜாதகத்தோடு பதினோரு வீடுகளுக்குப் போய்ப் பதினோரு தடவையும் திரும்பி வந்தது. அப்பாவுக்கு நல்ல மனுஷர் என்ற பேர் மிச்சம். எனக்கு முருகன்குறிச்சியில் தில்லைநாயகம் அண்ணாச்சியின் அச்சுக்கடையில் கம்ப்யூட்டர் வேலை மிச்சம்.

கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டதெல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக ஒரு சிடி வந்தது. அதில் படம் திருத்துகிற மென்பொருள் ஒன்று இருந்தது. காசு கிடையாது என்றதும் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "போடு அன்னம், என்னதான் செய்யுதுன்னு பாப்போம்" என்றார்.

போட்டோவை ஸ்கேனரில் வைத்து உள்ளே ஏற்றி ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், அது கார்ட்டூன் ஆகிவிடும். நம் கம்ப்யூட்டரின் வேகத்துக்கு, அமுக்கிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும். முகத்தில் உள்ள நூறு நிறம் நாலாகிவிடும். ஒரு நிறம் முடிந்து இன்னொன்று தொடங்குகிற இடத்திலெல்லாம் பேனாவால் இழுத்ததுபோலக் கறுப்புக் கோடு விழும். மூக்குக்கு ஒரு கோடு, மீசைக்கு ஒரு கோடு. நம் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்கூட அதற்குத் தெரியும். அண்ணாச்சி தன் முகத்தைப் போட்டுப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். என் முகத்தை நான் போட்டுப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒரு நோட்டீஸ் அடிப்பார்கள். வாழ்த்து மடல் என்று பேர், உள்ளே முழுக்கக் கிண்டல். "சுதந்திரம் இழந்த தியாகி", "இனி இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே காணக் கிடைக்காதவர்" என்று எழுதி, கீழே இருபது பேர் தங்கள் பேரைப் போட்டுக்கொள்வார்கள். கார்ட்டூன் சங்கதி பரவியதும், அந்தக் கூட்டம் முழுக்க எங்கள் கடையில்தான் நின்றது.

ஆவணி மாசம் நாலு பையன்கள் வந்தார்கள். மாப்பிள்ளை பேர் நடராஜ். மின்சார வாரியத்தில் வேலை.

"யக்கா, ரெண்டு பேரையும் கார்ட்டூனா போடணும். பொண்ணு போட்டோ அவன் பர்ஸுல இருந்து சுட்டுட்டு வந்தோம்" என்றான் ஒருத்தன். பெண்ணின் பேர் மதுமதி. ஸ்டுடியோவில் எடுத்த படம். பளிச்சென்ற முகம், தலை நிறையப் பிச்சிப்பூ.

பையன்கள் டீ குடிக்கப் போனார்கள். நான் பொத்தானை அமுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் முதலில் நடராஜ் வந்தான், தொப்பையோடு நன்றாகத்தான் வந்தான். பிறகு அந்தப் பெண் வந்தாள். மூக்கு, வாய், பூ எல்லாம் சரி. வலது தாடையோரம், காதுக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு வட்டம் விழுந்திருந்தது.

போட்டோவை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு கொஞ்சம் மங்கல். ஸ்டுடியோக்காரர் தூரிகையால் சாயம் தடவியிருக்கிறார். உள்ளே இருப்பது வெண்புள்ளி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மனுஷக் கண் யாருக்கும் தெரியாமல் செய்த வேலையை, ஓசியில் வந்த மென்பொருள் ஓரம் பிடித்துக் கோடு போட்டுக் காட்டிவிட்டது.

அழித்திருக்கலாம். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண்ணை யாரென்றே தெரியாது, இருந்தாலும் கோபம். இவள் அப்பனும் ஒரு அப்பன்தானே. சாயம் தடவினான், மாப்பிள்ளை கிடைத்துவிட்டது. மிஷின் போட்ட கோட்டை நான் எதற்கு அழிக்க வேண்டும்? உள்ளது உள்ளபடி இருக்கட்டும் என்று அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அப்பாவின் வாக்கியம் அன்றைக்குத்தான் என் வாயில் இனித்தது.

நாலாம் நாள் அந்தப் பையன்களில் ஒருத்தன் மட்டும் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"யக்கா, கல்யாணம் நின்னுட்டு."

"ஏன்?"

"நோட்டீஸ் கட்டை நடராஜ் வீட்டுலதான் வச்சிருந்தோம். அவன் அக்கா எடுத்துப் பாத்துட்டு, 'ஏலே, அவ தாடையில இதென்னது வட்டமா?'ன்னு கேட்டா. மச்சம்னு நெனச்சு நாங்க சிரிச்சோம். மறுநாள் அவளும் அம்மையும் பொண்ணு வீட்டுக்குப் போயி, நாங்களே மஞ்சப் பூசி விடுதோம்னு சொல்லி, பைய முகத்தைக் கழுவி விட்டுருக்காவ. பவுடர் எல்லாம் போயிட்டு. பந்தக்கால் நட்ட வீடுக்கா. அங்கனயே வச்சுப் பேசிட்டு வந்துட்டாவ."

"நடராஜ் என்ன சொன்னான்?"

"அவன் என்னத்தச் சொல்லுவான். அம்மை சொல்லுததுக்குத் தலையாட்டுதான்."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மஞ்சள் பூசுகிறோம் என்று சொல்லி முகத்தைத் துடைத்துப் பார்க்கிற கையையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைக்கு வழி காட்டியது என் கை. இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் மகள் முதல் தடவையாக ஒன்றை மறைத்தாள்.

ரெண்டு வாரம் கழித்து, மத்தியானம், அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்த நேரம், ஒரு பெண் தனியாகக் கடைக்குள் வந்தாள். முகத்தில் பவுடர் இல்லை. காதுக்குக் கீழே அந்த வெள்ளை, கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. கையில் நோட்டீஸை நாலாக மடித்து வைத்திருந்தாள். அடியில் எங்கள் கடைப் பேர் பொடி எழுத்தில் இருக்கும்.

"இதை நீங்கதான் செஞ்சீங்களாக்கா?"

"ஆமா."

"இந்தக் கோடு நீங்க போட்டதா, கம்ப்யூட்டரே போட்டதா?"

"கம்ப்யூட்டர்தான்" என்றேன். அது பொய்யில்லை.

அவள் மூச்சு விட்டாள். "நெனச்சேன். அம்மை கெடந்து ஏசுதா, வேணும்னே எவளோ செஞ்சிருக்கான்னு. நான் சொன்னேன், அங்கன ஒரு அக்காதான் வேலை பாக்காவ, அவுகளுக்கும் கன்னத்துல தழும்பு உண்டாம், தெரிஞ்சு விட்டிருக்க மாட்டாவன்னு."

நான் மேஜையில் கிடந்த தாள்களை அடுக்கினேன்.

"எனக்கு அந்தக் கோடு இல்லாம ஒண்ணு எடுத்துத் தருவீங்களாக்கா? என் படம் மட்டும் போதும். அம்மைட்டக் காட்டணும். நல்லாத்தான இருக்கேன்?"

"நல்லா இருக்க" என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தாள்.

ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். படத்தைத் திறந்தேன். பக்கத்துக் கன்னத்து நிறத்தை எடுத்து, வட்டத்தின் மேல் மூன்று தடவை மவுஸைச் சொடுக்கினேன். வட்டம் போய்விட்டது. பிரிண்டரில் தாளை வைத்து ஓட விட்டேன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"இம்புட்டுதானாக்கா?" என்றாள்.

பிறகு என் கன்னத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிரிண்டர் தாளைத் துப்புவதற்குள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.